அடுத்த பக்கத்துக்குச் செல்லவும்

அன்புமிக்க அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, உன் கணவர் மூவரும் சுகம். மூன்றாமவரும் சுகம் என்பதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்து மனதில் வாங்கிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு, அதன் பிறகு மேற்கொண்டு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மகளும் புதுக் குழந்தையும் சௌக்கியம்தானே. குழந்தை பகலில் தூங்கி இரவில் ஊரை எழுப்புவதாகச் சொன்னாய். நம் வீட்டு ரத்தம், போகப் போகச் சரியாகிவிடும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ நினைக்கலாம். நேற்று நீ போன் செய்தாய். "அவரைக் கீழே போட்டியாமே?" என்று கேட்டாய். நான் "அது வந்து அக்கா" என்று ஆரம்பித்தேன். அந்த "வந்து"வைத் தாண்டி அடுத்த சொல்லுக்கு வர எனக்கு வழி கிடைக்கவில்லை. உன்னிடம் போனில் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தவர் நம் குடும்பத்தில் இதுவரை கிடையாது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தால் கசக்கி எறியலாம், ஆனால் எறிந்ததை நீயே எடுத்து நீவி மீதியையும் படிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில், மாடி வீட்டு டீச்சர் உனக்குச் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் அவரைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்போன் கைதட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் சரி. அந்த நாலாவது ஆள் டீச்சரேதான் என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார்.

இது எப்படி நடந்தது என்று விளங்க வேண்டுமானால் என் வேலை என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ எல்லாரிடமும் "தம்பி கம்ப்யூட்டர்ல படம் காட்டுறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாய். அது முழுத் தப்பும் இல்லை. கம்பெனிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் தங்கள் ஆட்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் விஷயத்தை எங்களிடம் கொடுப்பார்கள். நாங்கள் அதைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஓடுகிற பாடமாக ஆக்கிக்கொடுப்போம். தொட்டால் படம் நகரும், கேள்வி வரும், சரியாகச் சொன்னால் கைதட்டும். படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை என்பது எங்கள் மேடத்தின் வேதவாக்கு. ஆபீஸ் சுவரில் மூன்று முகங்களை வரைந்து மாட்டி வைத்திருக்கிறார்: வாசித்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து பார்த்துக் கற்பவர். எந்தப் பாடம் எழுதினாலும் இந்த மூவருக்கும் ஒத்துவர வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் இந்த மூன்று முகத்துக்குள் அடங்கிவிடுவார்கள் என்று நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன், உன் கணவர் எங்கள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டுப் படுக்கிற வரைக்கும்.

உனக்கே தெரியும். குளியலறையில் விழுந்து உடைந்த கால் எலும்பு கூடிவிட்டது, மாவுக்கட்டையும் பிரித்தாகிவிட்டது, நாளையிலிருந்து நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "நாளைக்கு நடக்கலாம்"னு அத்தானும் சொன்னார். அந்த நாளைக்கு வரவே இல்லை. கட்டிலிலேயே சாப்பாடு, கட்டிலிலேயே பேப்பர், பேப்பரில் உள்ள தப்பையெல்லாம் பென்சிலால் சுழித்து வைப்பது. கணக்குத் தணிக்கை ஆபீசில் இருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, தணிக்கை அவரிடமிருந்து ஓய்வு பெறவில்லை. காலையில் வருகிற பிசியோதெரபி அம்மா "காலைத் தூக்குங்க சார்" என்றால், "எதுக்கு?" என்பார் அத்தான். அந்த அம்மா காரணம் சொல்வார். "போன வாரம் வேற காரணம் சொன்னீங்க" என்பார் இவர். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் அத்தானுக்கு வைத்தியம் பார்த்த அதே ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனிக்கு ஒரு பாடம் கொடுத்தது. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, நாற்காலியில் எப்படி உட்கார வைப்பது, எப்படி நடத்துவது. மேடம் அதை என்னிடம் கொடுத்தார். பாடத்துக்கு ஒரு நோயாளி வேண்டும், நோயாளிக்கு ஒரு நடை வேண்டும், ரெண்டு வேலையும் ஒரே ஹாலில் முடிஞ்சுடும்னு நான் கணக்குப் போட்டேன் அக்கா. கணக்கு தப்புன்னு இப்ப தெரியுது, ஆனா அப்ப ரொம்ப அழகா இருந்துச்சு.

மூணு முகத்துக்கும் வீட்டுலயே ஆள் கிடைச்சாங்க. செஞ்சு பாக்குறதுக்கு என் வீட்டுக்காரி. கேட்டுக் கத்துக்கிறதுக்கு, அத்தானைப் பாத்துக்க நாம வேலைக்கு வெச்சிருக்கிற பெரியதம்பி. நிஜப் பேரு வேற, ஆளு கதவு அகலம் இருக்கிறதால எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பொறுமை கிடையாது, காதுல விழுந்ததை அப்படியே பிடிச்சுக்குவான். வாசிச்சுக் கத்துக்கிறதுக்கு மாடி வீட்டு டீச்சர். அவங்க மருந்துச் சீட்டோட பின்பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் மாத்திரை போடுவாங்க.

முதல்ல வீட்டுக்காரிகிட்ட போனைக் கொடுத்தேன். நான் முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள "முடிச்சாச்சு, சர்டிபிகேட் வந்துடுச்சு"ங்கிறா. நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிக்கிட்டே போயிருக்கா. "இதுல என்ன சொல்லியிருக்கு?"ன்னு கேட்டேன். "நோயாளியை நல்லாப் பாத்துக்கணும்னு"ன்னா. சரின்னு, குரல் பேசி முடிக்கிற வரைக்கும் நெக்ஸ்ட் பட்டன் வேலை செய்யாத மாதிரி பூட்டு போட்டேன். அவ அதை ஓட விட்டுட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வந்து, மறுபடி அமுக்கினா. ரெண்டாவது சர்டிபிகேட்டும் வந்துச்சு. டீச்சர் அப்படியில்ல. வரி வரியா படிச்சு, குறிப்பு எடுத்து, பரீட்சையில நூத்துக்கு நூறு. சரி வாங்க டீச்சர்னு கட்டில் பக்கத்துல கூட்டிட்டுப் போய், பிடிச்சுத் தூக்குறதுக்காக அத்தான் இடுப்புல கட்டியிருந்த பட்டையை அவங்க கையில கொடுத்து, இப்ப அத்தானை எழுப்புங்கன்னேன். அவங்க பட்டையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "தம்பி, நாலு விடை கொடுத்தீங்கன்னா சரியானதைச் சொல்லிடுவேன்"னாங்க. அத்தான் பேப்பரைத் தாழ்த்தி ஒரு தடவை பாத்துட்டு மறுபடி தூக்கிக்கிட்டாரு.

இனிமே பெரியதம்பிதான் கதின்னு, அவனுக்குன்னு குரலை மட்டும் தனியா ஓட விடுற மாதிரி செஞ்சேன். எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு ரொம்ப இனிமையாப் பேசும், அதோட குரல். டீச்சர் சொன்ன அந்தச் சம்பவம் நடந்தது இப்பத்தான். அத்தானைக் கட்டில் ஓரத்துல உக்கார வெச்சாச்சு. "ஒரு நிமிஷம் எழுந்து நாற்காலியில உக்காருங்க, போதும், பாடத்துக்காக"ன்னு நான் கெஞ்சி, அவரும் என் வேலை போயிடக் கூடாதேன்னு சரின்னாரு. வீட்டுக்காரி நாற்காலியோட நிக்கிறா. டீச்சர் குறிப்பு நோட்டோட நிக்கிறாங்க. நான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். குரல் சொல்லுது: "நோயாளியின் கைகள் உங்கள் தோளில் இருக்கட்டும். உங்கள் கைகள் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்திருக்கட்டும். மெல்ல எழுப்புங்கள்." பெரியதம்பி ஒவ்வொண்ணையும் அச்சுப் பிசகாம செஞ்சான். அத்தான் பாதி எழுந்துட்டாரு. குரல் அதே இனிமையோட சொல்லிச்சு: "அடுத்த பக்கத்துக்குச் செல்லவும்."

அவன் போயிட்டான் அக்கா. கையை எடுத்துட்டு, கட்டிலைச் சுத்திக்கிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போயிட்டான்.

அத்தான் விழலை. இதை நீ நம்பணும். மெத்தை ஓரமா, மெத்தையையும் கூட இழுத்துக்கிட்டு, அவசரமே இல்லாம வழுக்கிக்கிட்டு வந்து தரையில உக்காந்தாரு, அவ்வளவுதான். அடியில மெத்தை, முதுகுக்குக் கட்டில், எங்கயும் சிராய்ப்புகூட இல்ல. கட்டிலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பெரியதம்பி, "சார், இந்தப் பக்கம் வந்துட்டேன் சார், ஐயாவைக் காணோமே"ன்னான். அந்த நேரம் பாத்து பாடம் முடிஞ்சு, போன் படபடன்னு கைதட்டி, "பாராட்டுகள், நோயாளியை வெற்றிகரமாக இடம் மாற்றிவிட்டீர்கள்"னு சொல்லிச்சு. அதுவும் பொய்யில்ல.

நாங்க ஏன் அவரைப் பாக்காம போனைப் பாத்தோம்னு நீ கேப்ப. கீழே விழுந்தவரை எப்படி எழுப்புறதுன்னு அடுத்த பாடத்துல இருக்கு. நான்தான் எழுதினேன், ஆனா வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இல்ல, தப்பாத் தூக்கினா இன்னும் மோசம்னு அதே பாடத்துல நானே எழுதியிருந்தேன். அந்தப் பாடத்தைத் திறக்கப் போனா, பூட்டியிருக்கு. முன் பாடத்துப் பரீட்சை பாஸாகாம அடுத்தது திறக்காது. அந்தப் பூட்டையும் போட்டது நான்தான். கேள்வி வந்துச்சு: சக்கர நாற்காலியில் நோயாளியை அமர்த்தும் முன் செய்ய வேண்டியது எது? டீச்சர், "ரெண்டு விடை சரி மாதிரி இருக்கே, யோசிக்கணும்"னாங்க. அவங்க யோசிக்கிறதுக்குள்ள என் வீட்டுக்காரி ஒண்ணை அமுக்கிட்டா. தப்பு. மீண்டும் முயலுங்கள்னுச்சு.

"பிரேக் போடணும். ரெண்டாவது விடை"ன்னு கீழேர்ந்து ஒரு குரல்.

எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். அத்தான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடுத்த கேள்வியைப் படிச்சேன். "நாலாவது"ன்னாரு. அதுக்கடுத்ததுக்கு, "முதல் விடை. ஆனா கேள்வியே சரியில்ல, எந்தக் கால்னு சொல்லணும்"னாரு.

"எப்ப அத்தான் படிச்சீங்க இதையெல்லாம்?"னு கேட்டேன்.

"படிக்கணுமாக்கும். வாரம் பூரா என் தலைமாட்டுலதானே கத்திக்கிட்டிருக்கு."

பூட்டு திறந்துச்சு. படத்துல ஒரு ஆளு நாற்காலியைக் கொண்டுவந்து முன்னாடி வெக்கிறான். என் வீட்டுக்காரி நாற்காலியைக் கொண்டுவந்து முதுகுப் பக்கம் அவரைப் பாக்குற மாதிரி வெச்சா. பெரியதம்பி அது வேண்டாம்னு சக்கர நாற்காலியை உருட்டிக்கிட்டு வந்தான். டீச்சர் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சாங்க, நடுவுல ஒரு படியை விட்டுட்டாங்க. அத்தான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தாரு. அப்புறம் அவரால முடியல.

"விடுங்க எல்லாரும். ஏம்மா, அந்த நாற்காலியைத் திருப்பு. உக்காருற பக்கம் என்னைப் பாக்கணும். டீச்சர், நீங்க மூணாவது படியை விட்டுட்டீங்க, அதுதான் முக்கியம். பெரியதம்பி, நீ இங்க வந்து பட்டையைப் பிடி. நான் சொல்ற வரைக்கும் எந்தப் பக்கமும் போகாதே."

சொல்லிக்கிட்டே நாற்காலியில ரெண்டு கையையும் ஊன்றி, முட்டி போட்டு, நல்ல காலை முன்னால வெச்சு, எழுந்தாரு. எழுந்து நின்னாரு அக்கா. ரெண்டு காலும் தரையில. யாரும் ஒரு வார்த்தை பேசலை. பேசினா அவருக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயம். ஆனா அவருக்கே தெரிஞ்சுபோச்சு. குனிஞ்சு தன் காலை வேற யாரோட காலையோ பாக்குற மாதிரிப் பாத்தாரு. அப்புறம் மெதுவா நாற்காலியில உக்காந்து, "மெத்தையைச் சரியாப் போடு"ன்னாரு. என் வீட்டுக்காரி சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு ரொம்ப நேரம் நின்னா. இதையெல்லாம் டீச்சர் உனக்குச் சொல்லியிருக்க முடியாது. படியை விட்டுட்டீங்கன்னு அவர் சொன்னதுமே, அவர் எழுந்துக்கிறதுக்கு முந்தியே, நோட்டை மூடிக்கிட்டு மாடிப்படி ஏறிட்டாங்க; அந்தப் பாதிக் கதையைத்தான் இத்தனை நாள் கழிச்சு உன்கிட்ட சொல்லியிருக்காங்க.

இதோட எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுத ஆசைதான். மறுநாள் காலையில பாத்தா மறுபடி படுக்கை, பேப்பர், பென்சில். "நேத்து நின்னீங்களே அத்தான்"னேன். "அது நேத்து"ன்னாரு.

இனி எழுதுறதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் சொன்னாரு. சொல்லாம இந்தக் கடுதாசி முழுசாகாது, அதனால சொல்றேன். அன்னிக்கு மத்தியானம் வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். நான் அவர் கட்டில் பக்கத்துல உக்காந்து அந்தப் பாழாப்போன வரியை மாத்திக்கிட்டிருந்தேன். "அடுத்த பகுதியைக் கேட்க, திரையைத் தொடவும்"னு. அவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, தானாப் பேசினாரு.

"மாப்ளே, காலு வலிக்கலை. அந்த டாக்டர் சொல்றது சரிதான்."

"அப்புறம் ஏன் அத்தான்?"

"குளியலறையில விழுந்தேன்ல. உங்க அக்கா மகளைப் பாக்கப் போன மறுநாள். விழுந்தது ஒண்ணும் பெரிசில்ல. கிடந்தேன் பாரு, அதுதான். கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். முதல்ல உன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஊர்ல இல்லைன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பால்காரர் வந்து மணியடிச்சுட்டு, யாரும் இல்லைன்னு போயிட்டாரு. நான் உள்ளேர்ந்து கத்துறேன். அவருக்குக் கேக்கலை."

டைப் அடிக்கிறதை நிறுத்திட்டேன்.

"எழுந்திரிச்சா மறுபடி விழுவேன்னு பயம் இல்ல மாப்ளே. விழுந்தா யாரு வருவாங்கன்னுதான். நேத்து கீழே உக்காந்திருந்தப்ப நாலு பேரு நின்னீங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா நின்னீங்க." அப்புறம் பேப்பரைப் பிரிச்சு, "இதை உங்க அக்காகிட்ட சொல்லாதே. மகளை விட்டுட்டு ஓடி வந்துடுவா"ன்னாரு.

அன்னிக்குப் பூரா நான் யோசிச்சேன் அக்கா. இந்த மனுஷர் வாசிக்கவும் இல்ல, கேக்கணும்னு உக்காரவும் இல்ல, செஞ்சும் பாக்கலை. எல்லாத்தையும் கத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. எழுந்திரிங்கன்னா எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு. நாங்க தப்பாச் செஞ்சா, பொறுக்க முடியாம எழுந்திரிக்கிறாரு. மேடத்தோட சுவர்ல இந்த முகம் இல்லவே இல்ல.

மறுநாள் ஆபீசுக்குப் போய்ப் பாடத்தையே தலைகீழா மாத்தப் போறேன்னு சொன்னேன். சரியான முறையைக் காட்ட வேண்டாம். படத்துல வர்ற ஆட்கள் வரிசையாத் தப்புச் செய்யட்டும். படிக்கிறவர் பாத்துக்கிட்டே இருந்து, நோயாளி விழுறதுக்கு முந்தி சிவப்பு பட்டனை அமுக்கி "நிறுத்து"ன்னு சொல்லி, எது தப்புன்னு தொட்டுக் காட்டணும். மேடம் கண்ணாடியைக் கழற்றி வெச்சுட்டாங்க. அவங்க கண்ணாடியைக் கழற்றினா விஷயம் பெரிசுன்னு அர்த்தம். "தப்பைக் காட்டினா ஜனங்க தப்பைத்தான் கத்துக்குவாங்க"ன்னாங்க. "மேடம், சரியானதைக் காட்டினோம், எங்க அத்தான் தரையில உக்காந்தாரு"ன்னேன். கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து பாக்க வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டு, அவங்க வேண்டாம்னா பழையபடியே போயிடணும், அடுத்த பாடம் உனக்குக் கிடையாதுன்னாங்க. எங்க ஓவியர்கிட்ட நோயாளிக்கு மாதிரியா இருக்கட்டும்னு அத்தான் போட்டோவைக் கொடுத்தேன். மாதிரிக்குன்னுதான் கொடுத்தேன். அவர் அப்படியே வரைஞ்சுட்டாரு.

பாடத்தைப் போன்ல போட்டு அத்தான்கிட்ட நீட்டினேன். "யாரு இவன், மீசை கோணலா இருக்கு"ன்னாரு முதல்ல. அப்புறம் படத்துல ஒருத்தன் ஈரத் தரையில அந்த ஆளை நடத்திக்கிட்டுப் போறான். அத்தான் விரல் தன்னால போய் அமுக்குச்சு. அடுத்தவன் பிரேக் போடாம உக்கார வெக்கிறான், அமுக்கினாரு. கொஞ்ச நேரத்துல படத்துல நான் வேணும்னு வெச்ச தப்பையெல்லாம் முடிச்சுட்டு, நான் வெக்காத தப்புக்கு வந்துட்டாரு. கட்டில் உயரம் ஜாஸ்தி. செருப்பு வார் அவிழ்ந்திருக்கு. ரெண்டாவது வரியில வல்லினம் மிகணும். "இது சின்னத் திரை, கண்ணுக்குத் தெரியல, பெரிய கம்ப்யூட்டரை இங்க எடுத்துட்டு வா"ன்னாரு.

"அது சுவத்தோட வயர் போட்டிருக்கு அத்தான், நகர்த்த முடியாது"ன்னேன். வயரைக் கழற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. பெரியதம்பி என்னை ஒரு மாதிரிப் பாத்தான், ஆனா வாயைத் திறக்கலை.

அத்தான் கொஞ்ச நேரம் கூரையைப் பாத்தாரு. உள் அறையில அவர் மீசை வெச்ச ஆளு தப்பு தப்பா நடந்துக்கிட்டிருக்கான். அதைத் தடுக்க இந்த வீட்டுல வேற ஆள் இல்ல. காலைக் கீழே போட்டாரு. வாக்கரைப் பிடிச்சாரு. பெரியதம்பி பின்னாடியே பட்டையைப் பிடிச்சுக்கிட்டுப் போக, ஹாலைத் தாண்டி, நிலைப்படியைத் தாண்டி, மிதியடி சுருண்டிருக்கு, இங்க வெளிச்சம் பத்தாதுன்னு வழியில உள்ள தப்பையும் சொல்லிக்கிட்டே வந்து, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தாரு. அதுலேர்ந்து தினமும் வர்றாரு.

மத்தவங்களும் ஒவ்வொருத்தரா உக்காந்து பாத்தாங்க. பெரியதம்பிக்கு, வாயால "நிறுத்து"ன்னு சொன்னாலே போதும்கிற மாதிரி வெச்சேன். அவன் சொன்ன சொல்லுல, தெருவுல போன சைக்கிள்காரர் பிரேக் போட்டு இறங்கிட்டாரு. டீச்சருக்கு ஒவ்வொரு தப்புக்கும் மார்க் உண்டுன்னேன். படத்துல நர்ஸ் கடிகாரத்தை வலது கையில கட்டியிருக்காங்கன்னு அதுக்கும் மார்க் கேக்குறாங்க. எனக்கு ஆச்சரியம் வீட்டுக்காரிதான். வழக்கம்போல நெக்ஸ்ட் அமுக்கினா. அமுக்கினா அடுத்த பாடம் வராது, அந்த மீசைக்காரர் விழுவாரு. அப்படித்தான் வெச்சிருந்தேன். ஒரு தடவை விழுந்ததும் கையை எடுத்துட்டா. "பாவம், அண்ணன் விழுந்துட்டாரு"ன்னா. அது படம்னு சொன்னேன். என் பேச்சைக் காதுல வாங்காம முதல்லேர்ந்து போட்டு, அவர் விழாம நாற்காலியில போய் உக்காருற வரைக்கும் எழுந்திருக்கலை. அடுப்புல வெச்சது தீஞ்சு போச்சு. நானே சட்டியைச் சுரண்டிக் கழுவி வெச்சேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து பாக்க வந்தது யாருன்னு நினைக்கிற, அதே பிசியோதெரபி அம்மா. மேடமும் கூட வந்தாங்க. அவங்க ஹால்ல உக்காந்து பாடத்தைப் பாத்துக்கிட்டிருக்கும்போது, உள் அறையிலேர்ந்து அத்தான் நடந்து வந்து, "மூணாவது படத்துல கைத்தடி எந்தக் கையில இருக்கணும்? இவங்க தப்பான கையில கொடுத்திருக்காங்க"ன்னாரு. அந்த அம்மா அவரை மேலேர்ந்து கீழே பாத்தாங்க. "சார், நீங்க நடக்குறீங்க"ன்னாங்க. "அது இருக்கட்டும், எந்தக் கைன்னு சொல்லுங்க"ன்னாரு. நல்ல கால் பக்கத்துக் கைன்னு அந்த அம்மா சொன்னாங்க. "அப்ப நான் சொன்னதுதான்"னு அத்தான் உக்காந்துக்கிட்டாரு. பாடம் அப்பவே பாஸ். மேடம் சுவர்ல நாலாவது முகம் மாட்டப் போறாங்க, குற்றம் கண்டு கற்பவர்னு. அத்தான் சம்மதிச்சுட்டாரு, மீசையை நேராக்கினா.

ஆகவே அக்கா, இதுதான் நடந்தது. நீ பதறிக்கொண்டு கிளம்பி வர வேண்டாம். மகளும் குழந்தையும் தேறட்டும். அத்தான் என் கண்பார்வையில் இருக்கிறார். இப்போது கைத்தடியோடு வாசல் கேட் வரை போகிறார், பெரியதம்பி துணைக்கு இருக்கிறான். அவர் தனியாக நிலைப்படியைத் தாண்ட நான் அனுமதிக்க மாட்டேன், இது என் பொறுப்பு. இன்னும் கொஞ்ச நாளில் நானே கார் வைத்துப் பத்திரமாக அழைத்துக்கொண்டு வந்து உன்னிடம் ஒப்படைக்கிறேன். அந்தப் பால்காரர் விஷயத்தை மட்டும் அவரிடம் கேட்காதே. எனக்காக. உனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியவே வேண்டாம்.

மகளுக்கு என் ஆசியும், மருமகனுக்கு விசாரிப்பும், குழந்தைக்கு அதன் தாத்தாவின் பொறுமையை நீக்கி மற்ற எல்லா குணமும் வாய்க்க வேண்டும் என்ற வாழ்த்தும் சொல்லவும். உன் கோபம் தணிந்த செய்தியை எதிர்பார்த்திருக்கும்,

உன் பிரியமுள்ள தம்பி.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட உறையில் பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியதம்பி வந்தான். தனியாக வந்தான். ஐயா எங்கேடா என்றேன். "கேட் வரைக்கும் போனோம் சார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வான்னாரு. பஸ்ல ஏறினோம். ஸ்டேஷன்ல இறங்கினோம். உங்க அக்கா இருக்கிற ஊருக்கு வண்டி நின்னுச்சு, ஏறிட்டாரு. நானும் ஏறப் போனேன், நீ இறங்கு, இவ்வளவு பேரு இருக்காங்கள்ல, கூப்பிட்டா யாராவது வருவாங்கன்னுட்டாரு. ஜன்னலோர சீட்டு சார்"ங்கிறான். நான் போட்ட போனுக்கும் பதில் இல்லை, வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆக, என் பொறுப்பு பற்றி மேலே எழுதியதை நீ படிக்காமல் விட்டுவிடலாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவர் அங்கே வந்து சேர்ந்திருப்பார். உனக்கு வருகிற தபாலையெல்லாம் பிரித்துப் பார்க்கிறவர் யார் என்றும் எனக்குத் தெரியும்.

அத்தான், வணக்கம். நல்லபடியாப் போய்ச் சேர்ந்தீங்களா? சொல்லாதேன்னு நீங்க சொன்னதைச் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க. இப்ப இது உங்க கையிலதான் இருக்கு, அக்காகிட்ட கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். கொடுக்கிறதா இருந்தா, அந்த மத்தியானத்தைப் பத்தி எழுதியிருக்கிற இடத்தை அடிக்காம கொடுங்க. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருங்க.